சைன் போடுறதுக்கு முன்னாடி: கிறிஸ்தவ பாட்டு எழுதுற தம்பி தங்கைகளுக்கு

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு நாகர்கோவில் பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்ல ஒரு ஒப்பந்த பிடிஎஃப் அனுப்பினான். "அண்ணா, ஒரு கம்பெனி என் எட்டு பாட்டையும் எடுத்துக்குறாங்க, நாளைக்கு சைன், ஜெபிச்சுக்கோங்க." திறந்து படிச்சேன். நாலாவது பக்கத்துல அதே வரி, 2006ல நான் சைன் போட்ட பேப்பர்ல இருந்த அதே வரி. அதனாலதான் இதை எழுதுறேன். எந்த மைக் வாங்கணும், மிக்ஸிங் யார்கிட்ட குடுக்கணும்ங்குறதெல்லாம் நிறைய பேர் சொல்லிட்டாங்க, அதை விட்டுடுறேன். பாட்டோட உரிமை விஷயத்துல நாம பண்ற தப்புகளை மட்டும் ஒண்ணொண்ணா சொல்றேன்.

"ஊழியந்தானே"ன்னு பேப்பரைப் படிக்காம சைன் போடுறது

சென்னையில ஒரு ஆடியோ கம்பெனி. ஓனர் நல்ல விசுவாசி, அதுல எனக்கு இன்னைக்கும் சந்தேகம் இல்ல. உக்கார வச்சு காபி குடுத்து, கையைப் புடிச்சு ஜெபம் பண்ணி, ஆமென் சொன்ன கையோட பேனாவை நீட்டினாரு. அந்த நேரத்துல "எத்தனை வருஷத்துக்கு சார்?"னு கேக்க எனக்கு வாய் வரல, கேட்டா பணத்தாசை பிடிச்சவன்னு நினைச்சுடுவாரோன்னு பயம். பத்து பாட்டு, 15,000 ரூபா.

ஆல்பம் வந்துச்சு. மூணாவது பாட்டுல ஒரு சரணத்தையே காணோம். எங்கப்பா ஆஸ்பத்திரில கிடந்தப்போ 22ஆம் சங்கீதத்தை வச்சு எழுதின சரணம், "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கேக்குறது. ஃபோன் பண்ணி கேட்டா, "ஜனங்க ஆறுதலுக்குத்தான் தம்பி பாட்டு கேக்குறாங்க, அது சோர்வா இருக்கு"ன்னாங்க. தாவீது கேட்ட கேள்வி, சிலுவையில இயேசுவே கேட்ட கேள்வி, அதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வெட்டிட்டாங்க. இப்ப எழுதும்போதும் ஆத்திரம் வருது.

சரி, நாமளே அந்த சரணத்தோட முழுசா பாடிடலாம்னு பல வருஷம் கழிச்சு எங்க சபை லைவ்ல பாடினேன், மறுநாள் காலைல யூடியூப்ல இந்தப் பாட்டோட உரிமை எங்களுதுன்னு காப்பிரைட் க்ளெய்ம் வந்து நிக்குது. நான் எழுதினது, நான் மெட்டு போட்டது, என் குரல், என் சபை.

இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. ஒரு பாட்டுல ரெண்டு சொத்து இருக்கு. வரியும் மெட்டும் ஒரு பக்கம், ரெக்கார்டிங் இன்னொரு பக்கம். காசு போட்டு முன்ன நின்னு ரெக்கார்ட் பண்ணவங்ககிட்ட அந்த ரெக்கார்டிங் இருக்கட்டும், நியாயம்தான். நான் வரியையும் மெட்டையும் சேர்த்துல்ல எழுதிக் குடுத்துட்டேன். அது மட்டும் என் கையில இருந்திருந்தா வேற ஸ்டுடியோல போய் அந்த சரணத்தோட புதுசா ரெக்கார்ட் பண்ணிருப்பேன், யாரும் கேக்க முடியாது.

1957 காப்பிரைட் சட்டத்தோட 19ஆம் பிரிவை ஒரு தடவை படிங்க. உரிமையைக் குடுக்குறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம்தான். எந்தெந்த நாடுன்னு எழுதலன்னா இந்தியா மட்டும்தான். அதனாலதான் "என்றென்றைக்கும், உலகம் முழுக்க"ங்குற அந்த ஒரு வரியை மறக்காம போடுறாங்க, தம்பியோட நாலாவது பக்கத்துல இருந்ததும் அதுதான். 2012 திருத்தத்துக்கு அப்புறம் எழுதுனவரும் மெட்டு போட்டவரும் ராயல்டி பங்கை, அதாவது பாட்டைப் பயன்படுத்துறப்போ அவங்களுக்கு வர வேண்டிய பணத்தை, விட்டுக்குடுத்ததா எழுதி வாங்கினாலும் அது செல்லாது. 57ஆம் பிரிவு இன்னும் முக்கியம், உரிமையை வித்த பிறகும் உங்க பேர் கெடுற மாதிரி பாட்டை சிதைச்சா நீங்க தட்டிக் கேக்கலாம். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தப்போ அந்த கம்பெனியே கைமாறிடுச்சு.

கைமாறும், அதை எதிர்பார்த்தே சைன் போடுங்க. அமெரிக்காவுல ஸ்பாரோன்னு ஒரு கிறிஸ்தவ கம்பெனி, 1976ல ஆரம்பிச்சது. அங்க ஒப்பந்தத்துல இருந்த பாடகர் கீத் கிரீன், சுவிசேஷப் பாட்டுக்கு விலை வைக்க மாட்டேன்னு முடிவெடுத்து 1979ல ஒப்பந்தத்துல இருந்து என்னை விட்டுடுங்கன்னு கேட்டாரு, அவங்களும் விட்டாங்க. வீட்டை அடமானம் வச்சு அடுத்த ரெக்கார்டைப் போட்டு, முடிஞ்சதைக் குடுங்கன்னு ஜனங்களுக்குக் குடுத்தாரு. விட்டது அன்னைக்கு அங்க இருந்தவங்களோட நல்ல மனசு. அதே ஸ்பாரோ 1992ல இஎம்ஐ மியூசிக்ங்குற பெரிய இசைக் கம்பெனி கைக்குப் போச்சு, 2012ல அந்த இஎம்ஐயோட ரெக்கார்டிங் பிசினஸை யுனிவர்சல் வாங்கிடுச்சு. உங்களோட கைகோர்த்து ஜெபிச்சவரு இருபது வருஷம் கழிச்சு அந்த நாற்காலில இருக்க மாட்டாரு, பேப்பர் மட்டும் இருக்கும்.

கம்பெனியே வேண்டாம்னு நான் சொல்லல. நம்மால போக முடியாத இடத்துக்கு அவங்க பாட்டைக் கொண்டு போவாங்க. உரிமையை விக்காம, பயன்படுத்த அனுமதி மட்டும் லைசென்ஸா குடுங்க, 5 வருஷம், வரியை மாத்தணும்னா என் சம்மதம் எழுத்துல வேணும்னு ஒரு வரி சேருங்க. அதுக்கு ஒத்துக்காதவங்க உங்க பாட்டை அப்படியே விடப் போறதில்ல.

வெளிநாட்டு ஆராதனை பாட்டை தமிழ்ல மாத்தி வெளியிடுறது

மொழிபெயர்க்கவும் அனுமதி வேணும். சபையில பாடுறதுக்கு வாங்கின லைசென்ஸ் ஆல்பத்துக்கு ஆகாது.

பழைய கீர்த்தனைன்னா எல்லாமே ஃப்ரீன்னு நினைக்கிறது

நிறைய கிறிஸ்தவ கீர்த்தனை எழுதின வேதநாயக சாஸ்திரியார் 1864ல மறைஞ்சவர், அவர் வரியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. போன வருஷம் ஒருத்தர் அதுக்குப் போட்ட புது மெட்டு அவரோடது, அவர்கிட்ட கேளுங்க.

கீபோர்டு ப்ரோக்ராம் பண்ணவர்கிட்ட எழுதி வாங்காம விடுறது

அவர் பண்ண வேலையோட உரிமை யாருக்குன்னு எழுதி வாங்குங்க. அன்னைக்கே.

தனியா பண்றோம், யார்கிட்டயும் காட்ட வேண்டாம்னு இருக்குறது

இது எதிர்ப்பக்கத்து தப்பு. கம்பெனி கத்திரிக்கு பயந்து யார்கிட்டயும் காட்டாம நேரா அப்லோட் பண்றாங்க, வசனத்துக்கே பொருந்தாத வரி அப்படியே ஊரெல்லாம் பாடப்படுது. வேதம் தெரிஞ்ச ஒரு போதகர்கிட்ட, தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க. என் அந்த சரணத்தை முதல்ல கேட்டது எங்க பாட்டிதான், ஒரு வார்த்தையை மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன்.

தம்பி அந்த "என்றென்றைக்கும்"ஐ அடிச்சு 5 வருஷம்னு எழுதி திருப்பி அனுப்பிருக்கான். கம்பெனி இன்னும் பதில் சொல்லல. நேத்து ராத்திரி ஒன்பதாவது பாட்டு ஒண்ணு அனுப்பினான், ஃபோன்லயே பாடினது.