முதல் சீட்டு ஏஸ்: சிமுலேஷன் கணக்கு ஏன் பிசகியது

சென்னையில் கேசினோ கிடையாது. இது வேளச்சேரி அறையில் லேப்டாப்பில் ஓடும் பைத்தான் கணக்கு, பிளாக்ஜாக் சீட்டாட்டத்துக்கானது, அவ்வளவுதான். 6 கட்டு; முதல் இரண்டு சீட்டும் ஏஸும் 10 மதிப்புச் சீட்டும் (10, J, Q, K) என்றால் அதுவே 'பிளாக்ஜாக்', அதற்கு 3:2, அதாவது பந்தயத்தைப் போல ஒன்றரை மடங்கு லாபம். முதல் சீட்டு ஏஸ் என்று தெரிந்தால் ஆட்டக்காரருக்குச் சாதகம், அதாவது பந்தயத்தில் சராசரி லாபம், சுமார் 51 சதவீதம் வர வேண்டும். எனக்கு 53-ஐத் தாண்டியது.

முதல் தப்பு: கலைத்த கட்டின் மேல் புது ஏஸ் ஒன்றைச் சொருகியிருந்தேன், ஏஸ் 24-க்குப் பதில் 25. உள்ளே இருக்கும் ஏஸ் ஒன்றை மேல்சீட்டோடு இடம் மாற்றுவதே சரி. பிளாக்ஜாக் விழும் விகிதம் 96/311, அதாவது 30.87 சதவீதம் வருகிறதா என்று பாருங்கள். எனக்கு வந்தது, 53 மட்டும் இறங்கவில்லை.

உண்மையான குற்றவாளி ஸ்பிளிட், அதாவது ஒரே மாதிரி இரண்டு சீட்டு வந்தால் அவற்றை இரண்டு கையாகப் பிரித்து ஆடுவது. பிரித்த ஏஸ் மேல் 10 விழுந்தால் அது வெறும் 21, பிளாக்ஜாக் ஆகாது. என் புரோகிராம் தாராளப் பிரபு, அதற்கும் ஒன்றரை மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தது. 'பிரித்த கை' என்று ஒரு ஃபிளாக் வைத்ததும் 51-க்கு வந்துவிட்டது.

ஏஸ் வரும் என்று கணித்துப் பந்தயம் வைத்து, கணிப்பு தவறி வேறு சீட்டு வந்தால் சுமார் 4.8 சதவீத நஷ்டம். ஆக, 100-க்கு 9 தடவையாவது ஏஸ் பலிக்க வேண்டும். சும்மாவே 13-க்கு 1 வரும். தவறிய ஏஸ் டீலர் (கேசினோ தரப்பில் ஆடுபவர்) கைக்குப் போவதையும் சேருங்கள்.

சிமுலேஷனுக்கு 10,000 கை போதாது, தற்செயல் பிழையே 1.15 சதவீதம். ஒரு கோடி ஓட்டினால் 0.04-க்குள் அடங்கும்.