12,000 ரூபாய் கேமிங் மானிட்டரா, 60,000 ரூபாய் மானிட்டரா: எப்படி முடிவெடுப்பது?

மானிட்டர் தேடத் தொடங்கும் முன்னால், நீங்கள் வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து, அதில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம் வருகிறது என்ற எண்) காட்டும் வசதியைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். அந்த எண்தான் எவ்வளவு செலவு செய்யலாம் என்று சொல்லும். உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு 70 ஃப்ரேம்தான் தருகிறது என்றால் 240 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 240 தடவை படத்தை மாற்றும் மானிட்டரில் போடும் காசின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். வாலரண்ட் போன்ற லேசான கேம் என்றால் சாதாரண கார்டிலேயே 150-ஐத் தாண்டும். அப்போது வேகமான மானிட்டருக்கு அர்த்தம் உண்டு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் என்னிடம் "எது வாங்கட்டும் அண்ணா" என்று கேட்கும் தம்பிகள் பலர் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்குகிறவர்கள், அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஹெர்ட்ஸ் கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் திரையில் 16.7 மில்லி விநாடி நிற்கிறது, 144-இல் 6.9, 240-இல் 4.2, 360-இல் 2.8. அதாவது 60-இலிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம், அதை யார் கண்ணும் உடனே பிடித்துவிடும். 144-இலிருந்து 240-க்குப் போனால் மிச்சம் 3-க்கும் குறைவு. விலை ஏறிக்கொண்டே போகிறது, கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே வருகிறது. டோர்னமெண்ட் ஆடுகிறவர்களுக்கு அந்த 3 மில்லி விநாடியும் தேவைப்படலாம், மற்றவர்களுக்கு 144 முதல் 180 வரை தாராளம்.

அளவும் ரெசல்யூஷனும் (திரையில் எத்தனை பிக்சல், அதாவது எத்தனை புள்ளி என்பது) சேர்ந்தே போக வேண்டும். 24 அங்குலத்துக்கு 1080பி (மேலிருந்து கீழாக 1080 பிக்சல்) சரி. 27 அங்குலத்தில் அதே 1080பி வாங்கினால் எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதற்கு 1440பி வேண்டும். ஆனால் 1440பி என்பது 1080பி-யைவிட 1.78 மடங்கு பிக்சல், 4கே என்பது 4 மடங்கு. அத்தனையையும் உங்கள் கார்டுதான் வரைந்து தள்ள வேண்டும். பழைய கார்டை வைத்துக்கொண்டு 4கே மானிட்டர் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பேனல், அதாவது உள்ளே இருக்கும் திரையின் வகைதான் உண்மையில் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம். பட்ஜெட்டில் கிடைப்பது பெரும்பாலும் ஐபிஎஸ் அல்லது விஏ என்ற இரண்டு வகை. ஐபிஎஸ்ஸில் நிறம் நன்றாக இருக்கும், பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் மாறாது, ஆனால் கறுப்பு முழுக் கறுப்பாக வராது, இருட்டு அறையில் சாம்பல் அடித்தது போலத் தெரியும். விஏ-வில் கறுப்பு நன்றாக வரும். கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) ஐபிஎஸ்ஸைப் போல மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். ஆனால் விலை குறைந்த விஏ மாடல்களில் இருட்டான காட்சி வேகமாக நகரும்போது பின்னால் மை இழுத்தது போல ஒரு தடம் வரும், ஷூட்டர் ஆடுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. பெட்டியில் '1 எம்எஸ்' (பிக்சல் 1 மில்லி விநாடியில் நிறம் மாறும்) என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள்; பிக்சலை வேகமாக மாறத் தள்ளும் ஓவர்டிரைவ் செட்டிங்கை உச்சத்தில் வைத்து எடுத்த எண்ணாக இருக்கும், அந்த நிலையில் வைத்து ஆடினால் பொருள்களின் ஓரத்தில் வெள்ளை நிழல் தெரியும்.

பிரீமியத்தில் நிஜமான வித்தியாசம் என்றால் ஓலெட்தான். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணையும், அதனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், நகரும் காட்சி அவ்வளவு தெளிவாக இருக்கும். ஒரு தடவை இருட்டு அறையில் பார்த்தவர்களுக்கு ஆசை விடாது. ஆனால் ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் தடம் பதியும் ஆபத்து உண்டு. பகலெல்லாம் டாலியும் எக்ஸலும் திறந்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் நான் ஓலெட் சொல்ல மாட்டேன். அப்புறம், சன்னலைத் திறந்து போட்டு வெயில் கொட்டும் ஹாலில் வைக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கறுப்புக்குக் கொடுத்த விலை பகலில் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எச்டிஆர் 400 (வெளிச்சமும் இருட்டும் இன்னும் நன்றாகத் தெரியும் என்று சொல்லும் முத்திரை) என்பதைப் பார்த்து சாதாரண எல்சிடி (ஐபிஎஸ், விஏ இரண்டும் இதுதான்) மானிட்டருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்த முத்திரைக்கு லோக்கல் டிம்மிங், அதாவது இருட்டான இடத்தில் மட்டும் பின்விளக்கைக் குறைக்கும் வசதிகூடக் கட்டாயமில்லை.

பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வைத்திருப்பவர்கள் மட்டும் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள், 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் அதில்தான் வரும். கம்ப்யூட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் போதும்.

இனி நம் ஊர் விஷயம். கோயம்புத்தூரில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும் ஜிஎஸ்டி ஒன்றுதான், 18 சதவீதம்; ஓணம் ஆஃபரையும் தீபாவளி ஆஃபரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். முக்கியமானது சர்வீஸ். வாரண்டி நாடு முழுக்கச் செல்லும் என்பார்கள், ஆனால் வீட்டுக்கு வந்து எடுத்துப் போவார்களா என்பது பின்கோடைப் பொறுத்தது. 678-இல் தொடங்கும் உங்கள் பின்கோடைச் சொல்லி, கஸ்டமர் கேரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 27 அங்குலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செக்போஸ்ட் தாண்டி பஸ்ஸில் போவது லேசான காரியம் இல்லை. ஓலெட் என்றால் தடம் பதிவதற்கும் வாரண்டி உண்டா என்று எழுத்தில் பாருங்கள்.

கரண்டும் இடியும் இங்கே பெரிய விஷயம். கோடை மழையிலும் துலாவர்ஷத்திலும் (ஐப்பசி மழை) மின்னல் வெட்டும்போது ஸ்பைக் கார்டை நம்பாமல் பிளக்கையே பிடுங்கி வையுங்கள். யுபிஎஸ் வாங்கும்போது 600 விஏ (இது யுபிஎஸ்ஸின் திறன் அளவு, பேனல் வகை இல்லை) என்றால் சுமார் 360 வாட்தான் தாங்கும் என்று ஞாபகம் இருக்கட்டும். கேமிங் பிசி முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் அந்தச் சின்ன யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். பிரீமியம் மானிட்டருக்கு வைத்த காசில் கொஞ்சத்தை எடுத்து முதலில் நல்ல யுபிஎஸ் வாங்குங்கள், வீட்டு எர்த்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

என் முடிவைக் கேட்டால்: கார்டு சாதாரணம், காசு குறைவு என்றால் சுமார் 10,000 முதல் 13,000 ரூபாயில் 24 அங்குல 1080பி ஐபிஎஸ், 144-க்கு மேல். நல்ல கார்டு இருந்தால் சுமார் 20,000 ரூபாயில் 27 அங்குல 1440பி ஐபிஎஸ். பெரும்பாலானவர்கள் இதோடு நின்றுகொள்ளலாம். அதற்கு மேலே போனால் நேராக ஓலெட்டுக்கே போங்கள். நடுவில் 35,000 ரூபாய்க்கு வளைந்த திரை, பளபள விளக்கு, பெரிய பெயர் என்று வருபவற்றில் பலவற்றின் உள்ளே 20,000 ரூபாய் மானிட்டரில் இருப்பது போன்ற பேனல்தான் இருக்கும்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் சொருகுங்கள். விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குப் போய் நீங்களே மாற்ற வேண்டும். அப்புறம் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்கப் போட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா என்று ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.