வெளி வன்தட்டில் கோப்பு அழியவில்லையா? லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ உள்ள ஒரு கோப்பு அழிய மறுத்தால், லினக்ஸ் பயன்படுத்துவோரில் பலருக்குக் கை முதலில் போவது நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை இயக்கும் 'சூடோ'விடம்தான். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஏன் அழிக்க முடியவில்லை என்பதை லினக்ஸ் பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நாம்தான் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறோம். கோப்பு மேலாளர் மழுப்பலாகப் பதில் சொன்னால், டெர்மினலைத் திறந்து அதே கோப்பை 'ஆர்எம்' கட்டளையால் அழித்துப் பாருங்கள். (அது குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரடியாக அழியும் என்பது நினைவிருக்கட்டும்.) 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்', 'பெர்மிஷன் டினைட்', 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' ஆகிய மூன்று செய்திகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மூன்றும் வெவ்வேறு நோய்கள்.

முதல் செய்தி வந்தால் சூடோ எந்த வகையிலும் உதவாது. வட்டு முழுவதுமே படிப்பதற்கு மட்டும் என்று மவுண்ட் ஆகியிருப்பதால் (அதாவது கணினியோடு இணைக்கப்பட்டிருப்பதால்) 'ரூட்' என்னும் நிர்வாகியாலும் அதில் எழுத முடியாது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். கோப்பு அமைப்பு கொண்ட வட்டுகளில் இதற்கு வழக்கமான காரணம் விண்டோஸ். விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியால் கணினி முழுமையாக அணையாமல் பாதி உறக்கத்தில் நிற்கும். அந்த நிலையிலோ, முறையாக வெளியேற்றாமலோ பிடுங்கப்பட்ட வட்டில் 'சுத்தமில்லை' என்ற குறி தங்கிவிட, லினக்ஸ் தரவைக் காப்பதற்காக எழுத மறுக்கிறது. இங்கே வலுக்கட்டாயமாக மவுண்ட் செய்வது தவறு. 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' கட்டளையை முழுச் சிகிச்சை என்று நம்புவதும் தவறுதான்; அது சில அடிப்படைப் பிழைகளை மட்டுமே திருத்தும். வட்டை மீண்டும் விண்டோஸில் செருகி, வட்டைச் சோதித்துத் திருத்தும் 'செக்டிஸ்க்' ஓட்டி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கணினியை அணைப்பதே சரியான வழி.

லினக்ஸின் சொந்தக் கோப்பு அமைப்பான இ.எக்ஸ்.டி.4 கொண்ட வட்டு இயங்கிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று படிப்பதற்கு மட்டும் என மாறினால், லினக்ஸின் மையமான கெர்னல் ஏதோ பிழையைக் கண்டிருக்கிறது என்று பொருள். கெர்னலின் 'டிமெசேஜ்' பதிவில் 'ஐ/ஓ எரர்' வரிகள் தென்பட்டால் அழிக்கும் வேலையை விட்டுவிட்டு, முக்கியமான கோப்புகளை உடனே வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அதன் பிறகுதான், அதுவும் வட்டை அன்மவுண்ட் செய்த பிறகுதான், பிழைகளைத் திருத்தும் 'எஃப்எஸ்செக்'. எஸ்.டி. கார்டு என்றால், பக்கவாட்டில் இருக்கும் சிறு பூட்டை முதலில் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

'பெர்மிஷன் டினைட்' என்று வந்ததும் கோப்பின் அனுமதியை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஒரு கோப்பை அழிப்பது என்பது, அது இருக்கும் அடைவிலிருந்து அதன் பெயரை நீக்குவது. ஆகவே அந்த அடைவில் எழுதும் அனுமதி வேண்டும். கோப்புக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தாலும் அடைவு பூட்டியிருந்தால் அழியாது. வேறு கணினியில் உருவான இ.எக்ஸ்.டி.4 வட்டில் உரிமையாளர் பெயராக அல்லாமல் எண்ணாகவே பதிந்திருப்பார். அங்கே 1001, இங்கே நீங்கள் 1000 என்றால் நீங்கள் அந்நியர். அந்த அடைவுக்கு மட்டும், உரிமையாளரை மாற்றும் 'சிஹெச்ஓன்' போதும். ஃபேட், எக்ஸ்ஃபேட் வட்டுகளிலோ இத்தகைய உரிமையாளர் விவரமே பதிவதில்லை என்பதால், அங்கே மவுண்ட் செய்யும்போது பயனர் எண்ணைக் கொடுப்பதுதான் வழி.

மூன்றாவது செய்திக்குக் காரணம் பெரும்பாலும் மாற்றமுடியாக் குறி. 'எல்எஸ்அட்டர்' பட்டியலில் 'ஐ' தெரிந்தால், 'சிஹெச்அட்டர்' கொண்டு அதை நீக்காதவரை ரூட்டாலும் அழிக்க முடியாது.

கோப்பு அழிந்தும் இடம் திரும்பவில்லை என்ற புலம்பல் வேறு வகை. கோப்பு மேலாளரில் அழித்தவை அதே வட்டில் '.ட்ராஷ்-1000' என்பது போன்ற மறைவான அடைவில் குவிந்திருக்கும். கடைசி எண் பயனருடையது. குப்பைத்தொட்டியைக் காலி செய்யாமல் பென் டிரைவைக் குறை சொல்வது நியாயமில்லை.

சூடோவின் உண்மையான ஆபத்து பெயரில் இடைவெளி உள்ள வட்டுகளில் தெரியும். என் வட்டின் பெயர் 'பழைய படங்கள்'. அதிலுள்ள 2019 அடைவை அழிக்க, சூடோவோடு 'ஆர்எம் -ஆர்எஃப்' போட்டு, மேற்கோள் குறி இடாமல் பாதையை அப்படியே தட்டச்சு செய்திருந்தேன். கட்டளையைப் படிக்கும் ஷெல் அதை இரண்டாகப் பிரிக்கும்: 'பழைய' என்று முடியும் ஒரு பாதை, பிறகு 'படங்கள்/2019'. முதலாவது இல்லாத பாதை. 'எஃப்' விருப்பம் அதைப் பற்றி வாய் திறக்காது. இரண்டாவதோ நான் நின்றிருந்த இல்ல அடைவுக்குள் உண்மையாகவே இருந்தது. என்டர் தட்டுவதற்கு முன் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். அன்று முதல் பாதையைத் தட்டச்சு செய்வதில்லை. டேப் விசையிடமே விட்டுவிடுகிறேன்.

அழித்த கையோடு கேபிளைப் பிடுங்குவதையும் தவிர்க்க வேண்டும்; மாற்றம் இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கலாம். அன்மவுண்ட் செய்யும்போது 'டார்கெட் இஸ் பிஸி' என்று வந்தால், வட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று 'எல்எஸ்ஓஎஃப்' காட்டும். பல நேரங்களில் அது, அந்த அடைவுக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும் நம்முடைய டெர்மினல்தான்.