ஸ்மார்ட் மீட்டர் வரட்டும், அதற்கு முன் உங்கள் மீட்டர் சிமிட்டுவதை எண்ணுங்கள்

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் கரண்ட் பில் குறைந்துவிடும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது, வந்தால் எகிறிவிடும் என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே சரியில்லை. அந்த மீட்டர் எதையும் குறைக்காது, கூட்டாது. எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்பதைக் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை குறித்து ஆபீசுக்கு அனுப்பும், உங்கள் போனிலும் காட்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் சென்னை தி.நகரில் முதலில் பொருத்திப் பார்த்தார்கள். சேலத்தில் அம்மாபேட்டையோ அழகாபுரமோ, பெரும்பாலான வீட்டுச் சுவரில் தொங்குவது சாதாரண டிஜிட்டல் மீட்டர்தான். ஆனால் ஸ்மார்ட் மீட்டர் காட்டப்போகிற விஷயத்தில் பாதிக்கு மேல் இந்தப் பெட்டியிலிருந்தே இன்றைக்கே எடுத்துவிடலாம். பைசா செலவில்லை, ஒரு நோட்டும் போனில் இருக்கிற ஸ்டாப்வாட்சும் போதும்.

முதலில் பில் எங்கே உதைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இது தெரியாமல் சேமிக்கப் போனால் எதற்காகச் சேமிக்கிறோம் என்பதே புரியாது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன், இன்றைய விலையை உங்கள் பில்லில் சரிபாருங்கள்: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். சரி, 501 ஓடினால்? இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். 500-ஐத் தாண்டிய உடனே அந்த 2.35 ரூபாய் சலுகை பறந்துவிடும், 101-லிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள், ஐந்நூற்றொன்றாவது யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய். அதனால் 480-லிருந்து 540-க்குள் ஊசலாடுகிற வீடுகளுக்குத்தான் இந்தக் கட்டுரையில் லாபம் அதிகம். 250 யூனிட் ஓட்டுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம், 900 ஓட்டுகிறவர்கள் ஏசியைப் பற்றிய பத்தியை மட்டும் படித்தால் போதும்.

ரீடிங் எடுத்த தேதியை வெள்ளை அட்டையிலோ எஸ்எம்எஸ்ஸிலோ பார்த்து காலண்டரில் வட்டம் போடுங்கள். அதிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரைப் பார்த்து, 250-க்கு மேல் ஓடியிருந்தால் அடுத்த முப்பது நாள் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். அறுபதாவது நாள் தேதியோடு மீட்டரைப் போனில் படம் பிடித்து வையுங்கள். ரீடிங் எடுக்க வருகிறவர் சில நாள் தள்ளி வந்து அதனால் 500-ஐத் தாண்டிவிட்டால், பேசுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? சும்மா போய்ச் சத்தம் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது அந்தச் சிமிட்டல். மீட்டரின் முகத்தில் ஒரு குட்டி சிவப்பு எல்ஈடி விட்டு விட்டு எரியும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ, ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்றால் அந்த விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி 18.75-ஆல் பெருக்குங்கள், அந்த நொடியில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். 1600 மீட்டருக்கு 37.5-ஆல் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 16 சிமிட்டல், 3200 மீட்டர் என்றால் 300 வாட். ரொம்ப மெதுவாகச் சிமிட்டினால் ஐந்து நிமிடம் எண்ணி ஐந்தால் வகுங்கள். கண்ணால் எண்ண முடியாத வேகம் என்றால் போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து எண்ணலாம், பத்தாவது படிக்கிற பையன் வீட்டில் இருந்தால் அவனிடம் கொடுத்துவிடுங்கள், நம்மைவிட ஆர்வமாகச் செய்வான்.

இதில் உருப்படியான சோதனை இரவில் செய்வது. எல்லோரும் படுத்த பிறகு ஃபேன், ஏசி, லைட் எல்லாவற்றையும் பத்து நிமிடம் அணைத்துவிட்டு (கொஞ்சம் திட்டு விழும், பரவாயில்லை) எண்ணிப் பாருங்கள். மிச்சம் இருப்பது ஃப்ரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், வைஃபை, இன்வெர்ட்டர், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு எண், நின்றபோது ஒரு எண் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் நின்றிருக்கும்போதே 100 வாட் காட்டினால் அது சின்ன விஷயம் இல்லை: 100 வாட் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் 60 நாளில் 144 யூனிட். மேலே சொன்ன இலவச 100 யூனிட்டும், அதற்கு மேலேயும், யாரும் எதையும் அனுபவிக்காமலேயே போய்விட்டது. செட்டாப் பாக்ஸ் மட்டும் ஒரு 10 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டப் பழகுங்கள்.

இதே ராத்திரியில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிய பிறகும் மீட்டர் சிமிட்டினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ எதையோ இணைத்திருக்கலாம். மெயின் ஆனில் இருக்கிறது, உள்ளே ஒவ்வொரு பொருளையும் பிளக்கிலிருந்தே பிடுங்கியாயிற்று, அப்படியும் சிமிட்டுகிறது என்றால் ஒயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம், மழைக்காலத்தில் ஓதம் ஏறின பழைய வீடுகளில் இது சகஜம். இரண்டுக்கும் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். மீட்டர் சீல் மேல் நீங்களும் கை வைக்காதீர்கள், அவரையும் வைக்க விடாதீர்கள், அது வேறு வம்பு.

மொத்தக் கணக்கு தெரிந்துவிட்டது, எந்தப் பொருள் தின்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கலாம். வாங்கும்போது மின் அளவு காட்டும் வகையா என்று கேட்டு, 16 ஆம்பியரில் வாங்குங்கள், 10 ஆம்பியர் வாங்கினால் கீஸருக்கு ஆகாது. ஒன்றே போதும். இன்றைக்கு ஃப்ரிட்ஜ், நாளைக்கு வாஷிங் மெஷின் என்று வீடு முழுக்கச் சுற்ற விடுங்கள். ஃப்ரிட்ஜை மட்டும் ஒரு முழு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் ஒரு மணி நேரத்துக் கணக்கு பொய் சொல்லும். தண்ணீர் மோட்டாரை இந்தப் பிளக்கில் போடாதீர்கள், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்டில் பிளக் கருகிவிடலாம்.

அளந்து பார்த்தால் வீட்டில் நடக்கிற பாதிச் சண்டை அர்த்தமில்லாதது என்று தெரியும். "ஏம்மா, மிக்ஸியை இவ்வளவு நேரமா ஓட்டுவாங்க, கரண்ட் என்னத்துக்கு ஆகும்?" என்று மாமியார் கேட்பார். 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்கு, சத்தம்தான் பெரிது. மாவாட்டுகிற கிரைண்டரும் அப்படித்தான், 150 வாட்டில் நாற்பது நிமிடம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். சத்தமே போடாமல் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் சுற்றுவட்டாரம். சேலத்து வெயிலுக்கு ஒரு ஃபேன் நாளைக்குப் பதினைந்து மணி நேரமாவது ஓடும், வித்தியாசம் இரண்டு மாதத்தில் ஃபேன் ஒன்றுக்கு 40 யூனிட். மூன்று ஃபேன் மாற்றினால் 120 யூனிட், 540-ல் நிற்கிற வீடு 420-க்கு இறங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், அதிக நேரம் ஓடுகிற ஹால் ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் முதலில் மாற்றுங்கள், விருந்தாளி ரூம் ஃபேன் அப்படியே கிடக்கட்டும். மாற்றும்போது சுவரில் இருக்கிற ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக சுவிட்சில் இணைக்கச் சொல்லுங்கள், வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும். மேல்மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பெயிண்டோ கூல் டைல்ஸோ போடாமல் எந்த ஃபேன் மாட்டினாலும் அது அனல் காற்றைத்தான் கீழே தள்ளும்.

ஏசிக்கு ஒரே வரிதான். மின் சிக்கனத்தைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான பிஇஇ கணக்குப்படி ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம், 2020-லிருந்து வருகிற ஏசிகள் 24-ல்தான் தொடங்கும், அதை 18-க்கு இறக்குவது நம் கைதான். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விட்டால் போதும்.

இனி மோட்டார், சேலத்துக்கு இது தனிப் பாடம். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் தினமும் வருவதில்லை, வருகிறபோது தொட்டியில் பிடித்து மோட்டார் போட்டு மேலே ஏற்ற வேண்டும். போர்வெல் இருந்தால் பாறைக்கு அடியில் பல நூறு அடியில் சப்மெர்சிபிள். ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மேல் டேங்க் காலியாக இருக்கும்போது தொடங்கி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று இன்றைக்கே குறித்து, மோட்டார் பெட்டி மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள், கூடவே அப்போது மீட்டர் காட்டுகிற வாட்டையும். ஆறு மாதம் கழித்து அதே டேங்க்குக்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஆகிறதென்றால் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு கசிகிறது, குழாயில் உப்பு அடைத்திருக்கிறது, அல்லது போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. சித்திரையில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்றை இழுத்து ஓடினால் கரண்டும் போய் மோட்டார் காயிலும் கருகிப் போகும், அதனால் தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிறுத்தும் கருவியும், டேங்க் நிரம்பினால் நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் மாட்டுவது வீண் செலவு இல்லை. தினமும் பத்து நிமிடம் வழிய விட்டால் மின்சாரத்தில் பார்த்தால் இரண்டு மாதத்துக்குப் பத்துப் பதினோரு யூனிட்தான், ஆனால் இந்த ஊரில் தண்ணீரைத் தெருவில் விட்டுவிட்டு யாரிடம் நியாயம் பேசுவது?

ஏற்காட்டில் வீடோ ஹோம்ஸ்டேயோ வைத்திருக்கிறவர்களுக்குக் கணக்கே தலைகீழ். ஃபேனும் ஏசியும் அங்கே பேச்சே இல்லை, கீஸர்தான் ராஜா. 15 லிட்டர் தண்ணீரைப் பதினைந்து டிகிரியிலிருந்து ஐம்பதுக்குக் கொண்டுபோகக் குறைந்தது 0.6 யூனிட் வேண்டும், எந்த ஸ்டார் கீஸரானாலும் இதில் தப்பிக்க முடியாது. தப்பிக்க முடிவது, குளித்து முடித்தபின் நாள் முழுக்க ஆன் செய்தே விட்டு ஆறின தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதிலிருந்து. டூரிஸ்ட் வந்தால் யார் அணைக்கப் போகிறார்கள்? ஒரு டைமர் சுவிட்ச் போட்டு காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும் விடுங்கள், கேட்டால் ஆன் செய்து கொடுக்கலாம். காற்றுமழையில் மரம் விழுந்து கரண்ட் போய் வரும்போது ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். உங்களுக்குத் தனி இணைப்பா, அல்லது ஓனர் மீட்டரிலிருந்து பிரித்த சப் மீட்டரா? சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இத்தனை என்று ஓனர் சொல்வதுதான் விலை, நீங்கள் என்ன மிச்சம் பிடித்தாலும் இலவச யூனிட் உங்கள் கைக்கு வராது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள், குடிபோன பிறகு "அதெல்லாம் இங்க வழக்கமில்லீங்க" என்பார்கள்.

அப்புறம், ஸ்மார்ட் மீட்டர் மாட்ட ஆள் வரும் நாளில் என்ன செய்வது? பழைய மீட்டரைக் கழற்றும் முன் கடைசி ரீடிங்கைத் தெளிவாகப் படம் எடுங்கள், புது மீட்டரின் வரிசை எண்ணும் தொடக்க ரீடிங்கும் இன்னொரு படம், வந்தவர் எழுதுகிற தாளிலும் அதே எண்கள்தானா என்று அங்கேயே ஒத்துப் பாருங்கள். நோட்டில் ஏற்கெனவே உங்கள் ராத்திரி வாட், ஃபேன் வாட், மோட்டார் வாட் எல்லாம் இருக்கிறதல்லவா, புது மீட்டர் வந்ததும் அதே சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2024-ல் திருத்திய மத்திய மின் நுகர்வோர் உரிமை விதிப்படி, ரீடிங்கில் சந்தேகம் என்று புகார் செய்தால் ஐந்து நாளுக்குள் பக்கத்திலேயே இன்னொரு சரிபார்ப்பு மீட்டர் மாட்டி குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். 2023 திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: ஸ்மார்ட் மீட்டர் காட்டுகிற உச்ச லோடை (ஒரே நேரத்தில் வீடு இழுத்த அதிகபட்ச மின்சாரத்தை) வைத்து, அது மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது. யாராவது அப்படிக் கேட்டால் விதியை எழுதிக் கேளுங்கள், புகார் எண் வாங்காமல் வராதீர்கள்.