சிபியூ சூடு: சாஃப்ட்வேர் காட்டுற நம்பர்ல எதை நம்புறது

மே மாச மத்தியானம், ரூம்ல 35 டிகிரி, ஃபேன் சூடான காத்தையே சுத்தி சுத்தி அடிக்குது, ஆனா சாஃப்ட்வேர் பிராசஸர் 28 டிகிரின்னு காட்டுது. சாதா ஏர் கூலர் (சிப்பு மேல மாட்டுற ஃபேன்) போட்ட பிராசஸர் ரூமை விட சில்லுன்னு இருக்க வழியே இல்ல, அதனால அது பொய்தான்னு அங்கயே தெரிஞ்சிடும். மொத வேலையா ஒரு ரூம் தெர்மாமீட்டர வாங்கி டேபிள் மேல வைங்க, அது இல்லாம இந்த நம்பர் எதுக்கும் அர்த்தம் கிடையாது.

இன்டெல் சிப்புக்குள்ள இருக்கற சென்சார் நேரா டிகிரி சொல்றதில்ல. லிமிட்டுக்கு இன்னும் எவ்ளோ தூரம் இருக்குன்னுதான் சொல்லும். அந்த லிமிட்டுக்கு பேரு டிஜே மேக்ஸ், நெறைய டெஸ்க்டாப் சிப்புக்கு 100. சென்சார் 40 டிகிரி பாக்கின்னு சொன்னா சாஃப்ட்வேர் 100-ல கழிச்சு 60-ன்னு போடுது, அவ்ளோதான். கோர் 2 டுயோ காலத்துல இந்த லிமிட்ட சாஃப்ட்வேர் எழுதுறவங்களே குத்துமதிப்பா வச்சுக்கிட்டாங்க, அதனால ஒரே மெஷின்ல ரெண்டு சாஃப்ட்வேர் ரெண்டு விதமா காட்டும். இப்போ சிப்பே லிமிட்ட சொல்லிடுது. ஆனா அந்த சென்சார் லிமிட் பக்கத்துலதான் கரெக்டா இருக்கும், மெஷின் சும்மா இருக்கும்போது அஞ்சாறு டிகிரி முன்ன பின்ன காட்டுனா அதுக்கு மண்டைய ஒடச்சுக்க வேணாம்.

ஏஎம்டியோட ரைசன் சிப்புல வேற கூத்து. 1700எக்ஸ், 1800எக்ஸ் ரெண்டுலயும் ஃபேன் கன்ட்ரோலுக்காக ஏஎம்டி வேணும்னே 20 டிகிரி கூட்டி காட்டுச்சு, 2700எக்ஸ்ல 10. என் ஃப்ரெண்டு ஒருத்தன் செகண்ட் ஹேண்ட்ல 1700எக்ஸ் வாங்கி, சும்மா இருக்கும்போதே 62 காட்டுதுன்னு கடைக்கு தூக்கிட்டு போக, கூலர் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. சாஃப்ட்வேர அப்டேட் பண்ணதும் 42 ஆயிடுச்சு, பைசா செலவில்ல.

இப்போ பாக்கற விதம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல ஜிபியூ (கிராஃபிக்ஸ் கார்டு) சூடு வரும், சிபியூ சூடு வராது. எச்டபிள்யூஇன்ஃபோ64-ங்கற சாஃப்ட்வேர எறக்கி, தொறக்கும்போது ‘சென்சார்ஸ் ஒன்லி’ டிக் பண்ணுங்க. இன்டெல்னா ‘சிபியூ பேக்கேஜ்’, ஏஎம்டின்னா ‘டிசிடிஎல்/டிடை’ன்னு இருக்கற வரி, இதுதான் நமக்கு வேணும். கீழ மதர்போர்டு பேர்ல இன்னொரு ‘சிபியூ’ இருக்கும், அது போர்டுல இருக்கற வேற சிப்பு வழியா வர்றது, அத விட்டுடுங்க. ‘ஆக்ஸ்டின்’ன்னு ஒண்ணு 127 காட்டும், பாத்து பதறாதீங்க, அங்க சென்சாரே மாட்டல. வேற டெம்பரேச்சர் சாஃப்ட்வேர், மதர்போர்டு கம்பெனி குடுத்த ஆர்ஜிபி (கலர் லைட்) சாஃப்ட்வேர் எல்லாத்தையும் மூடிடுங்க, ஒரே சென்சார ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா கன்னாபின்னான்னு நம்பர் வரும்.

லினக்ஸ்னா எல்எம்-சென்சார்ஸ் பேக்கேஜ் போட்டு, ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ ஒரு தடவ ஓட்டிட்டு ‘சென்சார்ஸ்’னு அடிங்க, இன்டெல்லுக்கு கோர்டெம்ப், ஏஎம்டிக்கு கே10டெம்ப் தலைப்புல வரும்.

பயோஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கற செட்டிங் ஸ்க்ரீன்) பாத்தா 50, விண்டோஸ்ல 40-ன்னு நெறைய பேர் கொழம்புறாங்க. பயோஸ்ல இருக்கும்போது பவர் சேவிங் பெரும்பாலும் வேலை செய்யாது, சிப்பு முழிச்சுக்கிட்டே இருக்கும், அதனால ரெண்டுமே சரியாத்தான் இருக்கும்.

கேபினட்ட மூடிட்டு (தொறந்து வச்சு டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்) சிபியூவுக்கு ஃபுல் லோடு குடுக்கற சினிபெஞ்ச் சாஃப்ட்வேர 15, 20 நிமிஷம் விடாம ஓட்டுங்க. மொத ரெண்டு நிமிஷத்து நம்பர நம்பாதீங்க, கூலர் சூடாக டைம் எடுக்கும். அப்புறம் எச்டபிள்யூஇன்ஃபோவுல ‘மேக்சிமம்’னு தலைப்பு போட்ட கட்டத்தையும் ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூடு தாங்காம சிப்பு தானா வேகத்த கொறைக்கறது) வரியில ‘எஸ்’ வருதான்னும் பாருங்க. ‘எஸ்’ வந்தா, கூடவே கிளாக் ஸ்பீடும் விழுந்தா அதுதான் நெசமான பிரச்சனை, சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட், தூசி, ஃபேன்னு வரிசையா பாக்கணும். ரைசன் 7000-ல பெரிய சிப்புங்க ஃபுல் லோடுல 95 தொடுறது ஏஎம்டியே அப்படித்தான் டிசைன் பண்ணது, அதுக்கு கூலர தூக்கி போட வேணாம்.

கடைசியா வந்த நம்பர்ல ரூம் டெம்பரேச்சர கழிச்சு, வர்றத தேதியோட ஒரு பேப்பர்ல எழுதி கேபினட் மேலயே ஒட்டிடுங்க. டிசம்பர்ல 70, மே-ல 80 வந்தா கூலர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல, ரூமும் அதே 10 டிகிரி ஏறியிருக்கான்னு பாருங்க. கழிச்சு வர்ற நம்பரே 10 கூடியிருந்தா மட்டும் ஸ்க்ரூ டிரைவர எடுங்க.