ஹைட்ரேஞ்சியாவுக்குக் காபி சக்கை: வேலூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏலகிரிக்கோ ஊட்டிக்கோ போய்வருகிறவர்கள் காரின் பின்சீட்டில் ஒரு ஹைட்ரேஞ்சியா (கொத்தாகப் பூக்கும் குளிர்ப் பிரதேசச் செடி) தொட்டியையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இறக்கி வைத்த மறுநாளே ஃபில்டரைக் கவிழ்த்து, காபி சக்கையை அதில் தட்டிவிடுகிறார்கள். பூ நீலமாகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மாடித்தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். பழைய ஆட்கள் நாங்களும் இடறிய இடம்தான். தொட்டியில் துளை வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

சக்கை மண்ணைப் புளிக்க வைக்கும் என்று நம்புவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். நீலம் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். மண் புளிப்பாக, பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக மேலே ஏறும்; பூ நீலமாகும். 6.5-க்கு மேலே போனால் அலுமினியம் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். பூ ரோஸ் நிறத்தில் வரும். இடைப்பட்ட மண்ணில் ஊதா, அல்லது இரண்டும் கலந்த நிறம்.

காபி புளிப்பு என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் புளிப்பு வெந்நீரில் கரைந்து டிகாக்ஷனோடு கீழே இறங்கிவிடுகிறது. அதைப் பால் ஊற்றி நாம் குடித்துவிடுகிறோம். மேல் அடுக்கில் மிஞ்சும் சக்கை கிட்டத்தட்ட நடுநிலை. அதில் சுமார் 2 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு, சரி. ஆனால் அது மக்கினால்தான் செடிக்குக் கிடைக்கும். மக்குகிற காலத்தில் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

சத்துவாச்சாரியில் தெரிந்த அக்கா ஒருவர் தெருமுனை ஓட்டலில் சொல்லிவைத்து, வாளியில் சக்கை வாங்கி வந்து மூன்று விரல் தடிமனுக்குக் கொட்டியிருந்தார். தை மாதம் ஒரே ஒரு கொத்து பூத்தது. ரோஸ். “இவ்ளோ போட்டும் நீலம் வரலையே, இன்னும் பத்தலையா?” என்று கேட்டு, மேலே இன்னொரு அடுக்கும் போட்டார். மாசி வெயிலில் இலை தொங்க ஆரம்பித்ததும் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார். செடி எழவே இல்லை. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். மேலே ஈரமான கறுப்பு அடை. கீழே வேரைச் சுற்றி மண் புழுதியாக உதிர்ந்தது.

ஃபில்டர் தூளின் சக்கை பொடியானது. காய்ந்தால் அடையாகத் தட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றுகிற தண்ணீர் தொட்டியின் ஓரமாக வழிந்து, அடித்துளை வழியே வெளியேறிவிடும். பார்க்கிறவர்களுக்கோ தண்ணீர் நன்றாக இறங்குவது போலத் தெரியும். சிக்கரி கலந்த தூள் என்றால் நொசநொசப்பு இன்னும் கூடுதல். நானூறு ரூபாய்ச் செடி, ஒரு குளிர்காலத்துக் காத்திருப்பு, இரண்டும் போச்சு.

சக்கையே போடாமல் இருந்தாலும் அந்தப் பூ நீலமாகியிருக்காது. அவர் ஊற்றியது போர் தண்ணீர். வாளியின் உட்புறத்திலும் குழாய் முனையிலும் வெள்ளை படிகிறதே, அதே சுண்ணாம்புதான் தினமும் தொட்டிக்கும் போகிறது. எந்தச் சக்கையும் அதை எதிர்த்து நிற்காது. நிறத்தில் ஆசை இருந்தால் முதலில் தண்ணீரை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து டிரம்மில் மூடி வையுங்கள். வெயிலுக்காக மாடியில் சுண்ணாம்பு அடித்திருக்கிறீர்களா? அப்படியானால் மாடியில் விழுந்து வருகிற தண்ணீர் வேண்டாம். வானத்திலிருந்து நேராக டிரம்மில் விழுவதை மட்டும் பிடியுங்கள்.

அப்புறம் அலுமினியம். நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்திலேயே அது இருக்கிறது. ஒரு டீஸ்பூன் தூளை 4 லிட்டர் மழைத் தண்ணீரில் கரைத்து, மொட்டு வருவதற்கு முன்பிருந்தே பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் ஊற்றலாம். அளவைக் கூட்டினால் வேர் கருகும். மண் கலவையில் தென்னை நார்க் கழிவும் இலை மக்கும் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

சக்கையை என்னதான் செய்வது?

மக்குத் தொட்டியில் போடுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். காய்ந்த வேப்பிலைச் சருகும் கொஞ்சம் சாணமும் சேர்த்துப் புரட்டிக்கொண்டே இருந்தால், சில மாதங்களில் சக்கை தெரியாத கறுப்பு மண்ணாகிவிடும். மண்புழுவுக்கும் பிடிக்கும். அப்படி மக்கியதை எந்தச் செடிக்கும் தைரியமாகப் போடலாம்.

முட்டை ஓட்டையும் சேர்த்து அரைப்பது

காபி புளிப்பு என்று சொல்லிக்கொண்டே, அதோடு சுண்ணாம்பைக் கலக்கிறார்கள். அடுப்புச் சாம்பலும் இதே கதைதான்.

பாலும் சர்க்கரையும் கலந்த மிச்சக் காபி

எறும்பு.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர்

வீணாகிறதே என்று ஊற்றுகிறார்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவுங்கள், வாசல் தெளியுங்கள்.

பூக்கவில்லை என்று டி.ஏ.பி. போடுவது

டி.ஏ.பி. உரத்தில் மணிச்சத்து (பாஸ்பேட்) 46 சதவீதம். அது மண்ணிலுள்ள அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீலம் இன்னும் தள்ளிப்போகும். அதோடு, பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் உரமே அல்ல. இந்தச் செடி மொட்டுக் கட்ட 18 டிகிரியை ஒட்டிய குளிர் பல வாரங்கள் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஏலகிரியில் கிடைக்கிற அந்தக் குளிர், காட்பாடி மாடியில் மார்கழி, தை இரவுகளில் ஏதோ கொஞ்சம் எட்டிப்பார்க்கும். வருஷத்துக்கு ஒரு கொத்து பூத்தாலே லாபம். ஐப்பசிக்குப் பிறகு கிளை நுனியைக் கத்தரித்தால் அதுவும் கிடையாது.

மொட்டை மாடியில் வைப்பது

சித்திரையில் 40 டிகிரி தாண்டுகிற ஊர் இது. கிழக்கு வராந்தாவில், காலை ஒன்பது மணி வெயில் வரைக்கும் போதும்.

விரிந்த பூவின் நிறத்தை மாற்றப் பார்ப்பது

இனி அடுத்த பூவில்தான்.

வெள்ளை ரகத்தை நீலமாக்கப் பார்ப்பது

ஆகாது. விட்டுவிட்டால் படிகாரமாவது மிச்சம்.