கோயில் தலைவர் தேர்தல்: ஓட்டை எப்படி எண்ணுவது?

முப்பது வருடம் தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்து, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். கணக்கு இடித்தால் தூக்கம் வராது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் பாதிக்கும் குறைவான ஓட்டு வாங்கியவர் தலைவரானதும், மீதிப் பேர் தீமிதி வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம் நாட்டுப் பொதுத் தேர்தலும் அப்படித்தான்: யாருக்கு அதிகமோ அவருக்கே தொகுதி, பாதியைத் தாண்ட வேண்டியதில்லை.

அடுத்த முறை, ஆஸ்திரேலியாவில் 1918 முதல் நடைமுறையில் உள்ள விருப்ப வரிசையை எடுத்துக்கொண்டோம். முதலில் சங்கச் சட்டவிதியைத் திருத்திப் சங்கங்களைப் பதிவு செய்யும் அரசுப் பதிவிலாகாவின் ஒப்புதல் வாங்குங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எழுதச் சொல்லுங்கள். பெட்டி தேடி அலைய வேண்டாம். எங்களுக்கு ஒரு பிஸ்கட் டின் போதுமானதாக இருந்தது. முதலில் 1 என்ற எண்ணை மட்டும் எண்ணுங்கள். 61 சீட்டில் பழைய தலைவருக்கு 25, லோரி முதலாளிக்கு 20, ஆசிரியைக்கு 16. யாரும் 31 தொடவில்லை. ஆகவே கடைசியாக வந்த ஆசிரியை விலக, அவருடைய 16 சீட்டையும் அதில் யார் பெயருக்கு எதிரே 2 இருக்கிறதோ அவருக்கு மாற்ற வேண்டும். லோரி முதலாளிக்கு 10, பழைய தலைவருக்கு 3. மூன்று பேர் இரண்டாவது எண்ணே எழுதவில்லை.

இப்போது 30க்கு 28. இங்கேதான் சண்டை வரும். 61இல் 30 பாதிகூட இல்லை. எஞ்சிய 58இல் பாதிக்கு மேல். எந்தக் கணக்கு செல்லும் என்பதைப் பெட்டி திறக்குமுன் எழுதி வையுங்கள். நாங்கள் எழுதியிருந்ததால் லோரி முதலாளி மாலை போட்டுக்கொண்டார்.

வீட்டில் சீட்டுகளை இரண்டிரண்டு பேராக வைத்து மறுபடியும் எண்ணினேன். ஆசிரியையைப் பழைய தலைவரோடு நிறுத்தினால் 31க்கு 30. லோரி முதலாளியோடு 33க்கு 28. இருவரையும் தனித்தனியே வெல்லக்கூடியவர் முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கிறார்! இப்படி ஜோடி ஜோடியாக ஒப்பிடுவதை 1785இல் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே விளக்கினார். அதிலும் சிக்கல் உண்டு: முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் வெல்லலாம். அப்போது குடவோலைதான்.

ஆசிரியையிடம் கணக்கைக் காட்டினேன். சிரித்துவிட்டு, “அடுத்த தேர்தலுக்கு முன்னால் விதியில் எழுதிவிடுங்கள், ஐயா” என்றார்.